பதினோரு கட்டத்துக்கு ஒரே சுரம்

செல்லோவின் இசைத் தாள்களில் இருந்த பென்சில் எழுத்தை அழிக்கும் வேலையை நாஹித் தானே எடுத்துக்கொண்டாள். வேறு யாரும் அவற்றைத் தொடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று பிறகு சிலர் சொன்னார்கள். அவள் அவ்வளவு யோசிக்கவில்லை. வழக்கம் ஒன்று இருந்தது, அதன்படி செய்தாள். ஒருவர் வாசித்த தாள் இன்னொருவர் கைக்குப் போகும்போது அதில் பென்சில் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது. வில்லை எங்கே இழுப்பது, எங்கே தள்ளுவது, எந்த விரல், எங்கே எதிரில் இருப்பவரைப் பார்ப்பது, எல்லாம் அவரவர் சொந்த விஷயம். அடுத்தவருக்கு அச்சில் இருப்பது மட்டும் போக வேண்டும்.

டிசம்பர் முதல் வாரம். வருஷம் தவறாமல் அந்த நாட்களில் அலெக்ஸாண்ட்ரியாவுக்கு வரும் காசிம் புயல் இந்த வருஷமும் வந்திருந்தது. ஆர்க்கெஸ்ட்ராவின் தாள் அறையில் ஜன்னல் கதவு மூடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் கொடியிலிருந்த துணிகளை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"கொடுங்க மதாம், நான் அழிச்சிடறேன். முப்பத்தோரு வருஷமா இதுதானே என் பொழப்பு," என்றார் பெஷாரா. தாள் அறை அவர் பொறுப்பில் இருந்தது. ஆர்க்கெஸ்ட்ராவில் எல்லோரும் அவரை அம்மு என்பார்கள், அரபியில் சித்தப்பா.

"பரவால்ல, அம்மு பெஷாரா. நாப்பத்திரண்டு பக்கம்தானே."

"உங்க வீட்டுக்காரர் கையெழுத்துல நாப்பத்திரண்டுன்னா எண்பத்திநாலுக்குச் சமம். லுத்ஃபி உஸ்தாஸ், இறைவன் அவருக்கு இரங்கட்டும், பென்சிலால எழுத மாட்டார். ஏர் ஓட்டுவார். அழிச்சாலும் பள்ளம் நிக்கும். மெத்துப் பென்சில் வெச்சுக்குங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பொண்டாட்டி சொன்னாலே கேக்காதவன் நீ சொல்லியா கேக்கப்போறேன்னுவார்."

"நான் சொன்னதே இல்ல," என்றாள் நாஹித்.

அவர் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்பதுபோல் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாஹித் தாள்களைப் படிக்கவில்லை. ரப்பரை ஒரு கையும் பக்கத்தை ஒரு கையும் பார்த்துக்கொண்டன, கண் எதிர்வீட்டு மாடியில் இருந்தது. படிக்க வேண்டிய தேவை இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. இந்தத் தாளை லுத்ஃபி வாசித்தபோது ஏழு மாதம் எதிரில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். காதால் கேட்டதைக் கண்ணால் வேறு படிப்பானேன். துகளை உள்ளங்கையால் ஒதுக்கி, அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று மதியத் தொழுகை அழைப்புக்குள் முடித்துவிட்டாள்.

அந்தத் தாள்களில் இருந்த இரட்டைக் கான்செர்ட்டோவை இசையமைப்பாளர் இன்ஜி ஹானிம் கணவன் மனைவி இருவருக்காகவே எழுதியிருந்தார். அறுபது பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவின் முன்னால் ஒரு வயலின், ஒரு செல்லோ. நாஹித்தும் லுத்ஃபியும் அந்த ஆர்க்கெஸ்ட்ராவிலேயே ஆயுளைக் கழித்தவர்கள். முன்னால் வந்து உட்கார்ந்து வாசிப்பது இருவருக்குமே புதிது. அக்டோபரில் அரங்கேறுவதாக இருந்தது. ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை லுத்ஃபி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஃபூல் வாங்க இறங்கினார். வரிசையில் நாலு பேர் இருந்தார்கள். கடைக்காரன் அவர் முகத்தைப் பார்த்து நாற்காலி போட்டான். உட்கார்ந்தார். அவ்வளவுதான். பாத்திரம் மட்டும் பிற்பகலில் வீட்டுக்கு வந்தது, அவித்த மொச்சையால் நிரம்பி, மேலே தட்டு மூடி. வந்தவர்கள் எல்லோரும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்கள்: "அவர் விட்டுப் போன மிச்சம் உங்க ஆயுசுல சேரட்டும்." நாஹித் ஒவ்வொருவருக்கும் உரிய பதிலைச் சொன்னாள்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் இன்ஜி ஹானிம் வீட்டுக்கு வந்தார். அறுபத்திரண்டு வயது, கைத்தடி, கழுத்தில் தொங்கும் இரண்டு மூக்குக் கண்ணாடிகள். டிசம்பரில் வைத்துக்கொள்ளலாமா, செல்லோவுக்கு லுத்ஃபியின் பக்கத்து நாற்காலிக்காரன் வக்தி வரட்டுமா என்று கேட்டார். சுற்றி வளைக்கவில்லை. அது நாஹித்துக்குப் பிடித்திருந்தது.

"வாசிக்கறேன். ஒரே ஒரு கண்டிஷன்," என்றாள் நாஹித். "ரெண்டாவது பாகத்துல அந்தப் பதினோரு கட்டம் இருக்கு இல்லையா? அந்த சுரம் லுத்ஃபி வெச்ச இடத்துலயே இருக்கணும். அது மாறினா வேற ரெண்டு பேரைப் பாத்துக்குங்க."

"இருக்கட்டும்," என்றார் இன்ஜி ஹானிம். எதற்குச் சம்மதிக்கிறார் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

இரண்டாம் பாகத்தின் நடுவில் அந்த இடம் வரும், தாளில் கோட்டுக்குக் கோடு ஒரு கட்டம் என்ற கணக்கில் பதினோரு கட்டம். மற்ற அறுபது பேரும் வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். செல்லோ தன் மேல் தந்தியில் ஒரு சுரத்தைத் தனியாகப் பிடிக்கும். அரைக் கட்டம் கழித்து வயலின் அதே சுரத்தில் வந்து சேரும். பிறகு பதினோரு கட்டம் முடியும்வரை இருவரும் அதே சுரத்தில், விரலை அசைக்காமல், நிற்பார்கள். அந்தச் சுரம் பியானோவில் கிடையாது. கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவில் இருக்கும் ஸீகா. எகிப்தில் கல்யாண வீட்டு ஊர்வலத்தில்கூட அது கேட்கும். தாளில் அதற்குக் குறுக்குக் கோடு போட்ட ஒரு சின்னம்தான் உண்டு. நடு என்றால் சரியாக எங்கே என்று எந்தச் சின்னமும் சொல்லாது. ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் அது மயிரளவு ஏறும், இறங்கும். தனியாக வாசித்தால் யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் பிடித்து, மயிரளவு விலகினால், காற்றில் பழைய ஃபிரிட்ஜ் உறுமுவதுபோல் ஓர் அதிர்வு கிளம்பும். கடைசி வரிசைக்கும் கேட்கும்.

லுத்ஃபியோடு ஒரு நாள்கூட அது உறுமியதில்லை. அவர் ஆரம்பிப்பார், அவள் சேருவாள். சேர்ந்ததே தெரியாது. அவரிடமிருந்து அவளுக்கு மிஞ்சியது ஒரு செல்லோ, கம்பளத்தில் செல்லோவின் அடிக்கம்பி குத்திய ஓட்டை, இந்தச் சுரம். செல்லோவை வாசிக்க அவளுக்குத் தெரியாது.

வக்தி சனிக்கிழமை காலை வந்தான். ஒரு கையில் செல்லோ, மறு கையில் பஸ்பூஸா இனிப்பு டப்பா. நாற்பத்தொன்பது வயது, பெருத்த உடம்பு. மூன்று மாடி ஏறியதில் வாசலில் நின்று மூச்சு வாங்கினான்.

"இந்தப் படிக்கட்டு கட்டினவன் செல்லோவைப் பாத்ததே கிடையாது. வயலின்காரங்களுக்காகக் கட்டின வீடு, மதாம்."

"உக்காரு வக்தி. டீ வரும்."

லுத்ஃபியின் நாற்காலி அதே இடத்தில் இருந்தது. வக்தி அதைப் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய் ஒரு நாற்காலியைத் தானே தூக்கி வந்தான். கம்பளத்தில் இருந்த ஓட்டையையும் தவிர்த்து, ஒரு சாண் தள்ளிக் கம்பியை ஊன்றினான். நாஹித் கவனித்தாள்.

முதல் பாகம் தடங்கலில்லாமல் போயிற்று. இரண்டாம் பாகத்தில் அந்த இடம் வந்தது. வக்தி சுரத்தைப் பிடித்தான். நாஹித் சேர்ந்தாள். உறுமியது.

"கீழ வா," என்றாள்.

"எவ்வளவு கீழ?"

"நான் நிக்கற இடத்துக்கு."

வக்தி செல்போனை எடுத்து ஸ்டாண்டில் சாத்தி வைத்தான். சுருதி காட்டும் முள் ஒன்று அதில் ஆடியது. தான் ஒரு தடவை வாசித்தான், அவளை ஒரு தடவை வாசிக்கச் சொன்னான்.

"நான் நட்ட நடுவுல நிக்கறேன், மதாம். நீங்கதான் ஒரு கட்டை தூரத்துல நூத்துக்குப் பதினஞ்சு பங்கு கீழ இருக்கீங்க."

"இந்த போன் லுத்ஃபியோட வாசிக்கல. நான் வாசிச்சேன். அவர்தான் முதல்ல ஆரம்பிப்பார். அவர் வெச்ச இடத்துல நான் போய்ச் சேருவேன். ஏழு மாசம் அப்படித்தான்."

"லுத்ஃபி இவ்வளவு கீழ வைக்கவே மாட்டான், மதாம்."

"என்ன சொன்னே?"

"இருபத்திரண்டு வருஷம் நானும் அந்தக் கழுதையும் ஒரே ஸ்டாண்டுல ஒரே தாளைப் பாத்து வாசிச்சிருக்கோம். அவன் விரல் எங்க விழும்னு என் காதுக்குத் தெரியும். ரெண்டு பேருக்கும் ஒரே வாத்தியார் வேற. அந்த பல்கேரியாக்காரர் குச்சியால எங்களை ஒரே இடத்துலதான் அடிச்சார். அவன் ஸீகா என் ஸீகாதான். நீங்க சொல்றது கல்யாண மண்டபத்து ஸீகா."

நாஹித் வில்லை மடியில் வைத்தாள். இளம் வயதில் எட்டு வருஷம் அவள் கல்யாண மண்டபங்களில் வாசித்தவள். அது எல்லோருக்கும் தெரியும். வக்திக்கும் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது.

"என் புருஷன் எங்க வெச்சார்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

வக்தி பஸ்பூஸா டப்பாவைத் திறந்து, ஒரு துண்டை முழுசாக வாயில் போட்டுக்கொண்டான். அன்றைக்கு அதற்குமேல் அந்த இடத்தை அவர்கள் வாசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆர்க்கெஸ்ட்ராவோடு முதல் ஒத்திகை. இன்ஜி ஹானிம்தான் நடத்தினார். தன் இசையை மற்றவர் கையில் கொடுத்தால் தூக்கம் வராது என்பார். மழையில் எல்லாத் தந்திகளும் நெகிழ்ந்து, சுருதி சேர்ப்பதற்கே கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு அந்தப் பதினோரு கட்டம். நாலாவது கட்டத்தில் அவர் குச்சியைத் தாழ்த்தினார்.

"நிறுத்துங்க. ஒருத்தர் துறைமுகத்துல நிக்கறீங்க, ஒருத்தர் கப்பல்ல போறீங்க. கை ஆட்டிக்கிட்டா இருக்கப்போறீங்க?"

பின்வரிசையில் டிராம்போன்காரர்கள் சிரித்தார்கள்.

"செல்லோ மேல இருக்கு, ஹானிம்," என்றாள் நாஹித். "லுத்ஃபி வெச்ச இடத்துல இருக்கணும்னு நான் கேட்டேன். நீங்களும் சரின்னீங்க."

"சரின்னேன். நான் ஒரு சின்னம்தான் போட்டேன், நாஹித். எவ்வளவு பாதின்னு எழுதல. அது உங்க ரெண்டு பேர் வீட்டு விஷயம்னு விட்டுட்டேன்."

"இப்ப அந்த வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன், ஹானிம்."

யாரும் சிரிக்கவில்லை. வக்தி தன் செல்லோவின் கழுத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். இன்ஜி ஹானிம் ஒரு கண்ணாடியைக் கழற்றி மற்றதை மாட்டிக்கொண்டார்.

"வியாழக்கிழமை காலைல கடைசி ஒத்திகை. சாயந்தரம் ஜனங்க வந்து உக்காருவாங்க. காலைக்குள்ள ரெண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்துடுங்க. எந்த இடமா இருந்தாலும் எனக்குச் சம்மதம். வரலைன்னா அந்த இடத்துல செல்லோவை எடுத்துடறேன். வயலின் தனியா பிடிக்கட்டும்."

அன்று ரம்ல் டிராமில் வீடு திரும்பும்போது நாஹித் அதைப் பற்றி யோசித்தாள். மேலோட்டமாகப் பார்த்தால் அது அவளுக்குச் சாதகம். அவளுடைய சுரம், அதாவது லுத்ஃபியின் சுரம், உறுத்தலில்லாமல் அரங்கில் ஒலிக்கும். ஆனால் லுத்ஃபி தனியாக நின்ற அந்த அரைக் கட்டம் போய்விடும். அவர் தொடங்கி அவள் சேர்வதுதான் அந்த இடம். அவள் மட்டும் தொடங்கி அவளே முடித்தால் அது யாரோ ஒருத்தி ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது. வக்தி இறங்கி வர வேண்டும். வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை இடைவேளையில் எல்லோரும் கல்லீரல் சாண்ட்விச் வாங்க எதிர்க்கடைக்குப் போயிருந்தார்கள். விளக்குப் போடுபவர் மேலே ஏறி, கச்சேரிக்கான வெளிச்சத்தைச் சரிபார்க்க அரங்கின் பெரிய விளக்குகளை அணைத்தார். ஸ்டாண்டுகளில் கவ்வியிருந்த சின்ன விளக்குகள் மட்டும் எரிந்தன. நாஹித் தன் நாற்காலியிலேயே இருந்தாள். வக்தியும் போகவில்லை. வாயில் பென்சிலைக் கவ்விக்கொண்டு தாளைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"மதாம், இங்க வாங்க."

"என்ன?"

"உங்க ரப்பர் வேலை சரியில்ல."

எழுந்து போனாள். ஸ்டாண்டு விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததால் வெளிச்சம் தாளின் மேல் படுத்துக்கொண்டு ஓடியது. அச்சு எழுத்துகளுக்கு நடுவில், மேலேயிருந்து வெளிச்சம் விழும்போது கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள், நிழலோடு எழுந்து நின்றன. லுத்ஃபியின் கோணலான எழுத்து. அந்த ஸீகாவின் மேலே கீழ்நோக்கி ஓர் அம்பு. பக்கத்தில் "கீழே". அதை அடித்துவிட்டு "இன்னும் கீழே". அதற்கும் மேலே, காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி: "நாஹித் இங்கே."

அவள் பள்ளத்தின்மேல் சுட்டுவிரலை ஓட்டிப் பார்த்தாள். விரலுக்கும் தெரிந்தது.

"இதை எப்ப எழுதினார்?"

"எனக்கெப்படித் தெரியும்? நீங்கதானே எதிர்ல உக்காந்திருந்தீங்க."

வக்தியின் குரலில் ஜெயித்த தொனி இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெரிய விளக்குகள் மறுபடி எரிந்தன. தாள் வெறும் தாளாயிற்று.

நாஹித்துக்கு அழுகை வரவில்லை. ஒரு கணக்கு பிழையாக இருந்தது தெரிந்தால் திரும்ப ஆரம்பத்திலிருந்து போட்டுப் பார்ப்பதுபோல் போட்டுப் பார்த்தாள். அவர் ஆரம்பிப்பார், அவள் சேருவாள். அதனால் சுரம் அவருடையது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவரோ அவள் வருவதற்கு முன்பே, அவள் வந்து நிற்கப்போகும் இடத்தில் போய் நின்றிருக்கிறார். முதலில் ஒரு தடவை இறங்கி, போதாமல் இன்னொரு தடவை இறங்கி, கடைசியில் கண்டுபிடித்து, மறுநாள் மறந்துவிடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார். அவளிடம் சொல்லவில்லை. நீ கீழே இருக்கிறாய் என்றும் சொல்லவில்லை, நான் இறங்கி வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

அவள் ஏன் கீழே இருந்தாள் என்பதும் அவளுக்கு எப்போதும் தெரிந்ததுதான். இதோடு சேர்த்து யோசித்ததில்லை, அவ்வளவே. அவள் அப்பா கல்யாண பார்ட்டிகளில் அக்கார்டியன் வாசித்தவர். கடையில் வாங்கும் அக்கார்டியனில் ஸீகா இருக்காது. உள்ளே இருக்கும் உலோக நாக்கைச் சுரண்டித்தான் இறக்க வேண்டும். அத்தாரீன் கடைத்தெருவில் ஒரு கிரேக்கர் அதைச் செய்து கொடுத்தார். ஒரு தடவை அரம் கொஞ்சம் அதிகமாக ஓடிவிட்டது. திரும்ப ஏற்றப் போனால் நாக்கு உடைந்துவிடுமோ என்று அப்பாவுக்குப் பயம். "இறங்கினது இறங்கிடுச்சு, இனி ஊரே இறங்கி வரட்டும்" என்று சொல்லி அப்படியே வாசித்தார். ஆறு வயதில் நாஹித் வயலினை அந்த நாக்கோடுதான் சேர்த்துப் பழகினாள். ஒரு கிரேக்கரின் அரம் வழுக்கியதுதான் அவளுடைய ஸீகா. லுத்ஃபி இறங்கி வந்து நின்றதும் அந்த இடத்தில்தான்.

"சரி மதாம், நான் கீழ வந்துடறேன்," என்றான் வக்தி. "தாள்ல எழுதியிருக்கு. தாள்ல இருக்கறதை வாசிக்கறவன் நான்."

அவள் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனாள். அதைச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

வீட்டில் தன் தாளை எடுத்துப் பார்த்தாள். அந்த இடத்தில் அவள் எழுதியிருந்தது ஒன்றே ஒன்று: ஒரு மூக்குக் கண்ணாடிப் படம். வாத்தியக்காரர்கள் "கவனி, எதிரில் பார்" என்பதற்குப் போடும் படம். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எப்போது தொடங்குகிறார் என்று தெரிய அவருடைய வில்லைப் பார்த்தாள். மேல் தந்தியில் இருந்த சுட்டுவிரலைப் பார்த்ததில்லை.

வயலினை எடுத்து ஸீகாவைப் பிடித்தாள். விரல் தானாகத் தன் இடத்தில் போய் விழுந்தது. அதை முன்னால் நகர்த்தினாள். பாதி நகத்தளவு. விட்டால் திரும்பிப் பின்னால் வந்தது. சமையலறையில் கெட்டிலை வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள், மறுபடி நகர்த்தினாள். கெட்டில் ஊதி ஊதி நின்றுபோயிற்று. கண்ணாடிப் படத்துக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு சின்ன அம்பு போட்டாள்.

வியாழக்கிழமை காலை, கடைசி ஒத்திகை. அந்த இடம் வந்தது. வக்தி சுரத்தைப் பிடித்தான், கீழே. நாஹித் சேர்ந்தாள், மேலே. முன்னைவிட மோசமாக உறுமியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வக்தி பதறி ஏறினான். அதே நேரத்தில் அவள் பதறி இறங்கினாள். படிக்கட்டில் எதிரெதிரே வந்தவர்கள் வழிவிடுவதாக ஒரே பக்கம் ஒதுங்குவார்களே, அப்படி.

இன்ஜி ஹானிம் குச்சியை ஸ்டாண்டின்மேல் படுக்க வைத்தார்.

"நேத்து வரைக்கும் நீங்க கப்பல், அவர் துறைமுகம். இன்னிக்கு ஆள் மாறி ஏறிட்டீங்களா?"

அறுபது பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் முன்பே அவர் பென்சிலை எடுத்துத் தன் தாளில் கைவைத்துவிட்டார். செல்லோவை வெட்டுவதற்கு.

"அஞ்சு நிமிஷம், ஹானிம்," என்றாள் நாஹித். "அஞ்சே நிமிஷம்."

மேடைக்குப் பின்னால் உள்ள வழியில், வாத்தியப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில், இருவரும் நின்றார்கள்.

"நான்தான் வரேன்னு சொன்னேனே. நீங்க எதுக்கு அசைஞ்சீங்க?" என்றான் வக்தி.

"நீ அசையாத. உன் விரல் எங்க விழுமோ அங்கயே வை."

"அங்க எழுதியிருக்கே?"

"அது உனக்கு எழுதினதில்ல. அவருக்கு அவரே எழுதிக்கிட்டது."

"மதாம், அவன் உங்ககிட்ட வந்தான். அவன் இடத்துல வாசிக்கறவனும் வரணும். அதானே நியாயம்?"

"வக்தி, ஒண்ணு கேக்கறேன். வேடிக்கை பண்ணாம சொல்லு. லுத்ஃபி தனியா வாசிக்கும்போது, நான் இல்லாதப்ப, நீ வெக்கற இடத்துலதான் வெப்பாரா?"

வக்தி ஒரு பெட்டியின் பூட்டைத் திறந்து மூடினான்.

"அல்லா சத்தியமா. இருபத்திரண்டு வருஷம். ஒரே ஆள் வாசிக்கறாப்பல இருக்கும். எங்கள்ல ஒருத்தன் சும்மா வில்லை ஆட்டிக்கிட்டு சம்பளம் வாங்கறான்னு பழைய ஆர்க்கெஸ்ட்ரா நடத்துனர் திட்டுவார்."

"அப்ப அங்கயே இரு."

"நாப்பது அம்பது வருஷமா உங்க விரல் அங்க போயே பழகினது. மேடைல, அத்தனை ஜனத்துக்கு முன்னால, அது கேக்குமா?"

"பாதி நகம்தான். நான் வரேன்."

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். இன்ஜி ஹானிம் பென்சிலைக் கீழே வைக்காமல், ஒரு கையால் மட்டும் காட்டினார். வக்தி தன் இடத்தில் பிடித்தான். நாஹித் தேடி, கொஞ்சம் தடுமாறி, மூன்றாவது கட்டத்தில் போய்ச் சேர்ந்தாள். உறுமல் நீண்டு, மெலிந்து, நின்றது. இன்ஜி ஹானிம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

மாலையில் புயல் ஓய்ந்துவிட்டது. அரங்கில் முக்கால்வாசி கூட்டம். ஃபூல் கடைக்காரன் கோட்டு போட்டுக்கொண்டு, மனைவியோடு நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனை யார் அழைத்தார்கள் என்று நாஹித்துக்குத் தெரியவில்லை. முதல் பாகத்தில் ஒரு இடத்தில் வேகம் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டது. வக்தி கண்ணால் அவளை இழுத்துப் பிடித்தான். இரண்டாம் பாகம். காற்று வாத்தியங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அறுபது பேரும் கையை மடியில் வைத்தார்கள்.

செல்லோ தொடங்கியது.

இந்தத் தடவை நாஹித் வில்லைப் பார்க்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. வக்தியின் தடித்த சுட்டுவிரலைப் பார்த்தாள். மேல் தந்தியில், கழுத்து உடம்போடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், அது அழுந்தியிருந்தது. லுத்ஃபியின் விரல், அவள் வீட்டில் இல்லாத நேரங்களில், அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அரைக் கட்டம் முடிந்தது. தன் விரலை முன்னால் வைத்து வில்லை இழுத்தாள்.

முதலில் ஒரு சின்ன உறுமல். முன் வரிசைக்குக் கேட்டிருக்கும். அவள் விரல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்த்தது. அதைப் போக விடவில்லை. உறுமல் மெதுவாகி, அலைக்கும் அலைக்கும் இடைவெளி நீண்டு, ஒரு மூச்சளவாகி, பிறகு வரவில்லை. ஐந்தாவது கட்டத்தில் அவள் தன் வயலின் சத்தத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. அரங்கில் ஒரே ஒரு சத்தம்தான் இருந்தது, அது அவளிடமிருந்து வருகிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒன்பதாவது கட்டத்தில் தன் வில்லைக் குனிந்து பார்த்தாள். நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

கச்சேரி முடிந்து ஜனங்கள் எழுந்து நின்றார்கள். இன்ஜி ஹானிம் கைத்தடியை எங்கேயோ வைத்துவிட்டு, வக்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வணங்கினார்.

"மதாம், நெசமாச் சொல்லுங்க. அந்த இடத்துல நான் வாசிச்சேனா?" என்றான் வக்தி, குனிந்தபடியே.

"அதையேதான் நான் உன்னைக் கேக்கலாம்னு இருந்தேன்."

"அப்ப ரெண்டு பேரும் சும்மா உக்காந்து சம்பளம் வாங்கியிருக்கோம்."

அரங்கு காலியான பிறகு பெஷாரா ஸ்டாண்டு ஸ்டாண்டாகத் தாள்களைச் சேகரித்துக்கொண்டு வந்தார். நாஹித் தன் தாளை மடித்துக் கொடுத்தாள். அவர் அதைப் புரட்டி, கண்ணாடிப் படத்தையும் அம்பையும் பார்த்தார்.

"இதை நானே அழிச்சிடறேன், மதாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"அழிச்சிடுங்க, அம்மு."

"செல்லோ தாள்?"

"அதுல வக்தி ஒண்ணும் எழுதல. ஏற்கெனவே அழிச்சதுதான்."

பெஷாரா செல்லோ தாளை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் இதையே பார்த்தவர். கொஞ்ச நேரம் சாய்த்தபடியே வைத்திருந்தார். பிறகு அதை உறையில் போட்டு, உறையின் மேல் கான்செர்ட்டோவின் பெயரையும் தேதியையும் எழுதி, கையிலிருந்த அடுக்கின் அடியில் வைத்துக்கொண்டார்.

"பள்ளம் நிக்கும்னு அன்னிக்கே சொன்னேன்," என்றார்.

"ஆமா, சொன்னீங்க," என்றாள் நாஹித். வயலின் பெட்டியை மூடினாள். வில்லின் இழைகளைச் சற்றுத் தளர்த்திவிட்டோமா என்று சந்தேகம் வந்து மறுபடி திறந்து பார்த்தாள். தளர்த்தியிருந்தாள்.